ஈழத்துப் பெரியார் ஸர். பொன்னம்பலம் அருணாசலம்

இரு மொழியாரும் நான்கு சமயத்தாரும் கலந்து வாழும் ஒரு தேசத்திலே, அவர்கள் அனைவரும் ஒரே ஜனம் என்று கருதித் தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர், தம் அந்தியகாலத்தில் தம் இனத்தாருக்கென்றே தனிச்சங்கம் ஒன்று காண நேர்ந்தது. அவர் மனம் மாறியதோ, காலம் மாறியதோ, அன்றி அவரைச் சூழ்ந்தவர் வாக்கு மாறியதோ? இதனை ஆராய்வதற்கு நம்மினும் உரியவர் யாவர்? நாமும் தனிச்சங்கம் ஒன்று கண்டு, அதன் பொருட்டுத் திங்கள்தோறும் இப்பத்திரிகையை நடத்தி வருபவர்களேயன்றோ? ஆதலின் இம்மாதம் ஸர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்களுடைய சரித்திரத்தை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்கத் துணிந்தோம். இவருடைய தமையனாராகிய ஸர். பொன்னம்பலம் இராமநாதருடைய புகழ் தமிழ்நாட்டிற் பரவியிருக்கும் அளவு இவருடைய புகழ் பரவவில்லை. அது நியாயமன்று என்பதே நம் கருத்து.

அருணாசலம் 1853-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார் கொழும்புக் கச்சேரியில் தனாதிகாரியாக உத்தியோகம் வகித்தவர். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எடுப்பித்த சிவபக்தர். மைந்தர் மூவர். மூத்தவர் குமாரசுவாமி, நடுவர் இராமநாதர், இளையவர் நம் அருணாசலம். தாய்மாமனாகிய ஸர். முத்துக்குமாரசுவாமி கிறிஸ்தவரல்லாத ஆசியருள் முதன்முதலாக இங்கிலாந்திலே பாரிஸ்டர் ஆனவர். இத்தகைய குடியிற் பிறந்த பிள்ளைகள் சுகபோகத்தில் அமிழ்ந்து போவதும் உண்டு. இம்மூவரும் அவ்வாறு போகவில்லை.

கொழும்பு அக்கடமியிலே பயின்று, அரசாங்கப் பரிசில் பெற்றுச் சீமைக்குச் சென்ற அருணாசலம், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறைஸ்ட் கல்லூரியிற் படித்துத் தேறினார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1875-ஆம் ஆண்டில் இலங்கை சிவில் உத்தியோகத்திற்குரிய போட்டிப் பரீக்ஷையில் வெற்றி பெற்றார். பகிரங்கப் போட்டியினால் அவ்வுத்தியோகத்திற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. கேம்பிரிட்ஜிலே இவர் பெற்ற பெரும்பேறு பட்டம் மட்டுமன்று. எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளருடைய நட்பும் ஆகும். பிற்காலத்தில் அருணாசலம் அனுப்பிய பகவத்கீதைப் பிரதியொன்று அவருடைய எழுத்துக்கும் சிந்தைக்கும் வழிகாட்டியாயிற்று. 1890-ஆம் ஆண்டளவில் அவர் இலங்கைக்கு வந்தபொழுது, தஞ்சாவூரைச் சேர்ந்த இராமசுவாமி என்னும் ஞானியாரிடம் அவரை அழைத்துச் சென்றவரும் அருணாசலமே. ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் ஞானியின் திருமுன் அமர்ந்து பாடங்கேட்டது, ஆட்சியாளரும் ஆளப்படுவோருமாக இருந்த அந்நாளில் எளிய செய்தியன்று.

தாயகம் திரும்பிய அருணாசலம் நீதிபதியாகப் பல ஊர்களிற் பணிபுரிந்தார். தேசாதிபதி ஸர். ஆர்தர் கார்டன் இவர் திறமையைக் கண்டு, மூத்தோர் பலரைக் கடந்து, பதிவாளர் நாயகம் என்னும் உயர்பதவியை இவருக்கு அளித்தார். காணிப் பத்திரங்களின் பதிவும், பிறப்பு இறப்புக் கணக்கும் ஒழுங்கின்றிக் கிடந்த அவ்விலாகாவை இவர் சீர்ப்படுத்தினார். ஆயினும் மாகாணங்களை ஆளும் ஏசண்டு பதவி இவருக்குக் கிட்டவில்லை. அக்காலத்தில் அது வெள்ளையருக்கே உரியதாய் இருந்தது. நிற்க.

1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலங்கையிற் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டது. அதனை நடத்தியவர் அருணாசலமே. தீவின் ஜனத்தொகை 35 லக்ஷத்து 65 ஆயிரத்துச் சொச்சம் என்று கண்டார்கள். மூன்றில் இருபங்குக்குச் சற்றுக் குறைவானோர் சிங்களர்; நாலில் ஒருபங்குக்குச் சற்று அதிகமானோர் தமிழர்; எஞ்சியோர் சோனகர், மலாயர், பறங்கியர், ஐரோப்பியர், வேடர் முதலியோர். அடுத்த ஆண்டில் இவர் வெளியிட்ட அறிக்கை வெறும் இலக்கங்களின் கோவையன்று. அத்தீவில் வாழும் ஒவ்வொரு ஜனத்தின் வரலாறும் மொழியும் சமயமும் பழக்கவழக்கமும் அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. சைவத் தமிழராகிய அவர் பௌத்தச் சிங்களருடைய தொன்மையையும் சீரையும் பெருமையுடனே எழுதினார். அது தம் முன்னோர் சரித்திரமும் ஆகும் என்பது அவர் கொள்கை போலும்.

இவ்விடத்து ஒன்று சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. அதே 1901-ஆம் ஆண்டில் இந்தியாவில் எடுத்த கணக்கிலே ஜாதிகள் எண்ணப்பட்டன. மேல் கீழ் என்று வரிசையும் வகுக்கப்பட்டது. அவ்வரிசையில் தத்தமக்கு உயர்ந்த இடம் வேண்டுமென்று மனு எழுதி அனுப்பிய ஜாதிச் சங்கங்கள் பல. மனுவெழுதும் பொருட்டே பிறந்த சங்கங்களும் உண்டு. எண்ணிக்கையெடுப்பது எவருக்கும் தீங்கில்லாத காரியம் என்று தோன்றும். ஆனால் ஒருவனை இன்ன வகையான் என்று ஏட்டில் எழுதிவிட்டால், அவனும் அவன் மக்களும் அவ்வகையைப் பற்றிக்கொண்டு நிற்கத் தலைப்படுவர். அருணாசலம் தாமே எண்ணிய எண்ணிக்கை, இருபது ஆண்டு கழிந்தபின் தமக்கு எதிராக நிற்கும் என்று கனவிலும் கருதியிரார்.

அது எவ்வாறென்று விளங்க, அக்காலத்து ஆட்சிமுறையைச் சிறிது அறிதல் வேண்டும். 1833-ஆம் ஆண்டில் இலங்கையிற் சட்டநிரூபண சபை ஏற்பட்டது. அதில் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் சிலரைத் தேசாதிபதி இனவாரியாக நியமித்து வந்தார். சிங்களருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர், ஐரோப்பியருக்கு மூவர் என்பது கணக்கு. 1889-இல் கண்டிச் சிங்களருக்கும் சோனகருக்கும் ஒவ்வொருவர் சேர்க்கப்பட்டனர். தொகையிற் சிறியோரும் பெரியோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்ற அச்சபையில், தமிழர் தம்மைச் சிறுபான்மையோர் என்று கருதியதேயில்லை. சிங்களரோடு ஒப்ப இத்தீவின் இரு பெரும் ஜனங்களுள் ஒன்று என்றே தம்மை மதித்திருந்தனர். 1910-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால், படித்த இலங்கையருக்கென்று தேர்தல்மூலம் ஓரிடம் கிடைத்தது. 1911-இல் நடந்த அத்தேர்தலில், வாக்காளருள் சிங்களரே மிகுதியாயிருந்தும், தமிழராகிய இராமநாதர் வென்றார். டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ தோற்றார்.

இச்செய்தியை இன ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவார் பலர். நாமும் அவ்வாறே கூறி மகிழ விரும்புவோம். ஆனால் சரித்திர ஆராய்ச்சியாளர் கூறுவது வேறு. பெர்னாண்டோ கரையோரத்துக் கராவ வகுப்பைச் சேர்ந்தவர். கொவிகம வகுப்புச் சிங்களருட் பலர் தம் இனத்தானாயினும் பிறஜாதியான் ஒருவனுக்கு வாக்களிப்பதினும், உயர்குடித் தமிழர் ஒருவருக்கு அளித்தலே நன்றென்று கருதினர் என்பர். ஓர் இனத்துள் இருந்த ஜாதிப் பிளவு இன்னோர் இனத்தானுக்கு உதவிற்று. இதனை ஒற்றுமை என்பதா, வேறு பெயரால் அழைப்பதா என்று நம் அன்பர்களே தீர்மானித்துக் கொள்க.

1913-ஆம் ஆண்டில் அருணாசலம் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றார். அறுபது வயதாயிற்று. ஸர் பட்டமும் கிடைத்தது. சட்டநிரூபண சபையிலும் நிருவாக சபையிலும் இருந்தாயிற்று. உபகாரச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு திருவாசகம் ஓதியிருக்கலாம். அவர் ஓதவும் செய்தார். அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். ஆனால் அதனோடு அமையவில்லை. 1915-இல் சமூகசேவைச் சங்கம் ஒன்று கண்டு, கொழும்பின் ஏழைத்தெருக்களுக்குள் புகுந்தார்.

அவ்வாண்டிலேயே சிங்களருக்கும் சோனகருக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. அரசாங்கத்தார் இராணுவச் சட்டம் பிறப்பித்துக் கடுமையாக நடந்தனர். சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். அவர்பொருட்டு யுத்தகாலத்திற் கடல்கடந்து இலண்டன் சென்று நியாயம் வேண்டியவர் தமிழராகிய இராமநாதர். அதனாற் சிங்களர் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினர். ஆயினும், கடைகளையும் உடைமைகளையும் இழந்த சோனகர் அதே செயலை வேறு விதமாகவே எண்ணினர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஓரினத்துக்குச் செய்த உபகாரம் மற்றோரினத்தின் நெஞ்சிலே முள்ளாயிற்று. பலவினத்தார் வாழும் நாட்டிலே தலைவராயிருப்பது இத்துணை அரிது.

இக்கலகமும் அதனை அடக்கிய முறையும் தேசத்தாருக்கு ஆட்சியிற் பங்கில்லாத குறையை அருணாசலத்துக்குத் தெளிவாகக் காட்டின. 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி இவர் இலங்கையின் அரசியற் தேவைகளைப்பற்றி ஆற்றிய பிரசங்கம் நாட்டையே தட்டியெழுப்பிற்று என்பர். அவ்வாண்டிலேயே சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதற்கு இவரே தலைவர். ஆயினும் சிங்களரும் தமிழரும் ஒரே சபையிற் கூடினாலன்றி ஆங்கில அரசாங்கம் செவிசாய்க்காது என்பதை இவர் நன்கறிந்திருந்தார். ஆதலின் யாழ்ப்பாணத்தாரை அழைத்தார். அங்கேதான் தடை நேர்ந்தது.

யாழ்ப்பாணச் சங்கத்தார் கேட்ட கேள்வி நேரியது. இனவாரி நியமனத்தை ஒழித்துப் பிரதேசவாரியாகத் தேர்தல் நடத்தினால், மூன்றில் இருபங்கினராகிய சிங்களர் சபையை நிரப்பிவிடுவரே. தமிழர் கதி யாது? இக்கேள்விக்கு விடையாகச் சிங்களத் தலைவர்களாகிய ஜேம்ஸ் பீரிஸ், சமரவிக்கிரம என்னும் இருவரும் 1918-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எழுத்துமூலமாக உறுதி ஒன்று கொடுத்தனர். மேல்மாகாணத்திலே தமிழருக்கென்று ஓரிடம் ஒதுக்குவதற்குத் தாம் துணைநிற்போம் என்பது அதன் சாரம். அருணாசலம் அதனைக் கையிற்கொண்டு யாழ்ப்பாணத்தாரிடம் சென்றார். தம் பெயரையும் தம் முதுமையையும் பிணையாக வைத்தார் என்றே சொல்லலாம். அவர்கள் இசைந்தனர். 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூடியது. சிங்களர் மிகுதியாயிருந்த அம்மகாசபையின் முதற் றலைவர் அருணாசலம்.

அக்காலத்திலேயே இவர் செய்த வேறொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. மலைநாட்டுத் தோட்டங்களிற் கூலிவேலை செய்தவர் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களினின்றும் கப்பலேறிச் சென்ற ஏழைமக்கள். துண்டு என்னும் சீட்டிலே அவர்கள் கடன் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்த்து அச்சீட்டைப் பெற்றாலன்றி வேறு தோட்டத்தார் அவர்களைச் சேர்த்துக்கொள்ளார். கூலியோ கடனைத் தீர்க்கப் போதாது. ஒப்பந்தத்தை மீறி நீங்கினாற் சிறைத்தண்டனையும் உண்டு. இலங்கையரசியற் பெரியோருட் பெரும்பாலார் இவர்களை ஏறெடுத்தும் பார்த்திலர். இவர்களுக்கு அத்தீவிலே நிலமில்லை, வாக்குமில்லை. அருணாசலம் 1919-இல் தொழிலாளர் நலச்சங்கம் ஒன்று நிறுவி, இவர்கள்பொருட்டு இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தார். 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. கொழும்பிலே மாளிகையிற் பிறந்த ஒருவர், தோட்டத்து லயன்களிற் கிடந்தோரைத் தம்மவர் என்று நினைந்தாரே. இவருடைய செயல்கள் எல்லாவற்றினும் இதுவே நம் நெஞ்சை உருக்குவது. யாழ்ப்பாணத்துத் தமிழரிற் பலருக்கே அந்நினைவு அக்காலத்தில் இருந்ததில்லை.

கல்வித்துறையில் இவர் உழைத்ததையும் விடுதற்கில்லை. 1906-ஆம் ஆண்டிலேயே சர்வகலாசாலை இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். இலங்கைச் சிறுவர் இங்கிலாந்து அரசரின் பெயர்களை நெட்டுருச் செய்துகொண்டு, தம் தீவின் சரித்திரத்தை அறியாதும், தாய்மொழியில் நான்கு வரி எழுத மாட்டாதும் வளர்வதைக் கண்டு இவர் மனம் நொந்தார். சிங்களமும் தமிழும் கல்விச்சாலைகளில் உரிய இடம் பெறவேண்டும் என்று வற்புறுத்தினார். இரண்டில் ஒன்றன்று, இரண்டும் என்பதே இவர் கொள்கை. 1921-இல் கொழும்பிலே யூனிவர்சிற்றிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942-இல் அது சர்வகலாசாலையாயிற்று.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். 1920-இல் புதிய அரசியற்றிட்டம் பிறந்தது. அதன்படி 1921-இல் பொதுத்தேர்தல். கொழும்பு நகரத்துக்குரிய இடம் தமக்குக் கிடைக்கும் என்று அருணாசலம் எதிர்பார்த்தார், தமிழரும் எதிர்பார்த்தனர். காங்கிரஸின் ஆதரவு ஜேம்ஸ் பீரிஸுக்கே கிடைத்தது. உறுதிப்பத்திரத்திற் கையொப்பமிட்ட இருவருள் ஒருவர் அவர் என்பதை அன்பர்கள் மறந்திரார். பீரிஸும் சாமானியரல்லர். அருணாசலம் உத்தியோகத்திலிருந்த காலத்திலேயே, 1908 முதல், சீர்திருத்தம் வேண்டி விண்ணப்பம் எழுதிவந்த பெரியார். பிரதேசவாரித் தேர்தலே தேசியத்துக்கு உகந்தது, இனத்துக்கென்று இடமொதுக்குதல் பழைய பிரிவினையைப் புதுப்பிப்பதாகும் என்பது காங்கிரஸிற் சிங்களத் தலைவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கொள்கை வேறு, கொடுத்த வாக்கு வேறு. கொள்கையை நினைந்து வாக்குக் கொடுக்காதிருந்திருக்கலாம். கொடுத்தபின் கொள்கையைக் காட்டி வாக்கைத் தள்ளினால், தள்ளுண்டவர் அக்கொள்கையையும் சேர்த்தே வெறுப்பர். இதில் வியப்பென்ன? சங்கங்களின் உடன்படிக்கைகள் எவ்வாறு எழுதப்படுகின்றன, எவ்வாறு மறக்கப்படுகின்றன என்பது நம் அன்பர் பலருக்கும் அநுபவத்தால் தெரிந்ததே.

அருணாசலம் காங்கிரஸை விட்டு நீங்கினார். தாமே கட்டிய வீட்டினின்றும் தாமே வெளியேறினார் எனலாம். அவருடன் தமிழரும் பெரும்பாலும் விலகினர். 1921-இல் தமிழர் மகாஜன சபை தோன்றியது. 1923-இல் அருணாசலம் இலங்கைத் தமிழ்ச்சங்கம் என்னும் பெயரால் வேறொன்று நிறுவினார். அதன் தொடக்கத்திலே அவர் நிகழ்த்திய உரையின் கருத்து, தமிழரின் பண்பும் மொழியும் ஈழத்தில் மட்டுமன்றித் தென்னிந்தியாவிலும் தமிழர் குடியேறிய பிறநாடுகளிலும் காக்கப்படல் வேண்டும் என்பதாம். பிறரை ஒடுக்கும் எண்ணம் தமக்கில்லை. பிறரால் ஒடுங்கவும் இசையோம் என்பது அவர் நிலை. நான்காண்டுகளுக்குமுன் இலங்கையர் என்னும் ஒரு பெயரையே மந்திரமாக உச்சரித்த நா, இப்பொழுது தமிழர் என்னும் பெயரை உச்சரித்தது.

இதனால் அவரைக் குறைகூறுவாரும் உளர். தமக்கு இடங்கிட்டாத கோபத்தால் தேசியத்தைக் கைவிட்டார் என்பர். கோபம் இல்லையென்று நாம் சாதிக்கவில்லை, அவரும் மனிதரே. ஆனால் அந்த இடத்தைத் தமக்கு வாங்கித் தருவதாக யாழ்ப்பாணத்தார் அவரிடம் சொல்லவில்லை. அவரே யாழ்ப்பாணத்தாரிடம் சென்று, சிங்களரை நம்புங்கள் என்று சொல்லியிருந்தார். நம்பச்சொன்னவர் நம்பினவர் முகத்தில் எவ்வாறு விழிப்பது? இதுவே அவரை வருத்திய கேள்வியாயிருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

1924-ஆம் ஆண்டு சனவரி மாதம் 9-ஆம் தேதி, தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசித்து வருங்கால், மதுரையம்பதியிலே அருணாசலம் சிவபதம் அடைந்தார். வயது எழுபது. அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்த அரசியற்றிட்டத்திலே மேல்மாகாணத் தமிழருக்கென்று ஓரிடம் ஒதுக்கப்பட்டது! காங்கிரஸ் கொடுக்க மறுத்ததை ஆங்கில அரசாங்கம் கொடுத்தது. அதனாற் புண் ஆறவில்லை. சகோதரன் கையாற் பெறவேண்டியதை அயலான் கையாற் பெற்றால் எவ்வாறு ஆறும்?

பின் நிகழ்ந்தவற்றை விரிக்கவேண்டியதில்லை. இலங்கை 1948-இற் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால், அருணாசலம் தம்மவர் என்று நினைந்த மலைநாட்டுத் தோட்டமக்களிற் பெரும்பாலார் எந்நாட்டுக்கும் உரியரல்லாதாராயினர். 1956-இற் சிங்களம் ஒன்றே அரசமொழி என்னும் சட்டம் பிறந்தது. அதன்பின் கலகங்களும், 1983 முதல் 2009 வரை நடந்த பெரும்போரும் நம் அன்பர் அறிந்தவையே. போரினால் வீடிழந்து இராமேசுவரக் கரையில் இறங்கியவரை நம் ஊர்களிலே நாம் கண்டிருக்கிறோம்.

கொழும்பிலே, கடலை நோக்கி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதன் வளவில் அருணாசலத்துக்குச் சிலை நாட்டினர். அதே ஆண்டின் இறுதியில் இராமநாதரும் காலஞ்சென்றார். பின்னர் அவருக்கும் அங்கே சிலை எழுந்தது. பாராளுமன்றம் 1982-இல் வேறிடத்துக்குப் பெயர்ந்துவிட்டது. சகோதரர் இருவரின் சிலைகளும் பெயரவில்லை. அவ்வழிச் செல்ல நேரும் நம் அன்பர்கள் சற்றே நின்று பார்த்து வருவார்களாக.